புள்ளி தொலைந்த பக்கமும் மை காய்ந்த பொறியும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் அச்சுப்பொறியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் நம்மில் பலருடைய வீட்டில் இன்று ஓர் இங்க்ஜெட் பொறி இருக்கிறது. கருத்தரங்கக் கட்டுரை, மெய்ப்புப் பார்க்கவேண்டிய கதை, நூல் வெளியீட்டு அழைப்பிதழ், பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டம் என யாவும் அதன் வழியேதான் தாளுக்கு வந்து சேர்கின்றன. இலக்கிய நண்பர்கள் இருவர் சந்தித்தால், அண்மையில் படித்த நூலைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அடுத்து எழும் பேச்சு "பிரிண்டர் சரியாக அடிக்கமாட்டேன் என்கிறது" என்பதாகவே இருக்கிறது.

அதற்குப் பின் நிகழ்பவையும் பெரும்பாலும் ஒரே வரிசையில் நிகழ்கின்றன. எழுத்து மங்கியதும் பலரும் 'ஹெட் கிளீனிங்' என்னும் கட்டளையைத் தேடி அழுத்துகிறார்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் அழுத்துகிறார்கள். ஐந்தாறு முறைக்குப் பின் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கிறார்கள். பிறகு புதியது வாங்குகிறார்கள். அதுவும் பலிக்காதபோது பொறி பரணுக்கு ஏறுகிறது. கடையிலிருந்து வேறொரு பொறி வந்து இறங்குகிறது.

இந்த வரிசை தலைகீழானது என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது. மங்கிய அச்சுக்குக் காரணம் இன்னதென்று பொறியே ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறது. அதைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். படித்தபின் செய்யவேண்டியது பெரும்பாலும் மிகச் சிறியதாகவே இருக்கும். பாட வேறுபாடு நோக்கவும் ஏட்டுப் பிழை காணவும் பழகிய தமிழ் மாணவர்களுக்கு இது எளிதாகவே கைவர வேண்டும். ஆனால் நாம் பார்த்தவரை, பொறி என்றதும் படிப்பதை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவதில்தான் எல்லாரும் முனைகிறோம்.

*

இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுவோம்.

உரோமன் எழுத்தில் அச்சிட்ட பக்கம் சற்றே பழுதுபட்டால் கண்ணுக்குத்தான் இடர். சில எழுத்துகளின் தலைமேல் உள்ள புள்ளி போனாலும் சொல் சொல்லாகவே நிற்கும். தமிழில் அப்படியில்லை. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'கல்' 'கல' ஆகும். 'பால்' 'பால' ஆகும். 11 பாயிண்ட் அளவில் அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தில் ஒரு புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அங்குலத்துக்கு 300 என்ற நெருக்கத்தில் மைத்துளைகள் அமைந்த ஒரு பொறியில், அடுத்தடுத்த ஐந்தாறு துளைகள் அடைபட்டாலே அவ்வளவு இடம் வெறுமையாகிவிடும். மறுபுறம், தரமற்ற தாளில் மை ஊறிப் பரவினால் வேறொரு விபத்து நேரும். ணகர னகரங்களின் சுழிகள் அடைந்துபோக, மணம் எது மனம் எது என்று இடம்நோக்கித்தான் உணரவேண்டியிருக்கும்.

ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடுவதில்லை என்பது நாம் அனைவரும் வகுப்பில் படித்ததுதான். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோல நிற்க, காலும் ரகரமும் வேறுபாடின்றி நிற்க, எகர ஏகாரங்களும் மயங்க, சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் அந்த ஏடுகளோடு பட்ட பாட்டை அவர்தம் பதிப்புரைகளில் காணலாம். அச்சு வந்து அந்தத் துன்பத்தை நீக்கியது. இன்று நம் மேசைமேல் இருக்கும் பொறி மை காய்ந்துபோய் அதே துன்பத்தைச் சிறிய அளவில் திரும்பக் கொண்டுவருகிறது என்றால், அதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

ஒன்றைச் சான்றாகச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையின் ஆய்வு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் இயலை வீட்டுப் பொறியில் அச்சிட்டுக் கொண்டுவந்து தந்தார். படித்த பேராசிரியர் பக்கந்தோறும் பல இடங்களில் சிவப்பு மையால் புள்ளியிட்டு, "ஒற்றுப் பிழை மலிந்துள்ளது" என்று எழுதித் திருப்பினார். அம்மாணவியின் கணினிக் கோப்பிலோ அப்படியொரு பிழையும் இல்லை. தாளை ஊன்றி நோக்கியபோது காரணம் விளங்கிற்று. புள்ளிகள் ஆங்காங்கே விடுபடவில்லை. ஒரு வரியில் போனால் அந்த வரி முழுவதிலும் ஒருசேரப் போயிருந்தன. அடுத்த வரியில் புள்ளிகள் இருந்தன. ஆனால் எழுத்துகளின் இடையில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக்கோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடிற்று. மனிதர் செய்யும் பிழை சிதறி விழும். பொறி செய்யும் பிழை கோடு பிடித்துப் போகும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

*

பொறி இயங்கும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1977ஆம் ஆண்டு ஜப்பானின் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளரின் மேசையில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியின்மேல் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது என்பது அந்நிறுவனம் சொல்லும் வரலாறு. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனத்தாரும் இதே வழியைக் கண்டனர். 1984இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த 'திங்க்ஜெட்' இவ்வகைப் பொறிகளுள் தொடக்கக் காலத்தது. நுண்ணிய துளைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு தகடு நொடியின் மிகச் சிறிய பகுதியில் சூடேற, மை ஆவியாகிக் குமிழி எழுந்து, அந்தக் குமிழி ஒரு துளியைத் தாளின்மேல் தள்ளும். எப்சன் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1993இல் வந்த அதன் 'ஸ்டைலஸ் 800' முதலாக, மின்சாரம் பட்டால் வளையும் ஒருவகைப் பொருள் மையை நெருக்கித் துளியை வெளியேற்றுகிறது. எவ்வழியாயினும் ஒரு துளியின் அளவு சில பிகோலிட்டர்தான். பிகோலிட்டர் என்பது லிட்டரில் ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அது வெளிவரும் துளையோ தலைமுடியின் தடிமனில் பாதிகூட இராது. அதையே 'நாசில்' என்கிறோம்.

வீட்டுப் பொறிகளில் ஊற்றும் மையில் பெரும்பகுதி தண்ணீர். எனவே திறந்துகிடக்கும் துளையில் அது காயும். காயாமல் இருக்கவேண்டியே, பொறி ஓய்ந்திருக்கும்போது 'ஹெட்' என்னும் மைமுனை வலப்புறத்தில் ஒதுங்கி ஒரு ரப்பர் மூடியின்மேல் அமர்கிறது. பல பொறிகளில் இவ்வாறுதான். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் குடும்பங்களின் சிக்கன ஒழுக்கம். பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால் ஹெட் இடம்சேர்ந்து மூடிக்கொண்டு பின்பே உறங்கும். சுவரில் அணைத்தால், நகர்ந்துகொண்டிருந்த ஹெட் நின்ற இடத்திலேயே வாய்திறந்து கிடக்கும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டை அனுபவித்த தமிழ்நாட்டில் எத்தனை பொறிகள் பாதி அச்சில் இப்படி வாய்பிளந்து காய்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். மின்சாரம் வந்ததும் பொறியை ஒருமுறை இயக்கி, அதன் பொத்தானாலேயே அணைத்துவிட்டால் போதும், ஹெட் மூடிக்கொள்ளும். சித்திரை வெயிலில் இது இன்னும் முக்கியம்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: உங்கள் பொறியில் துளைகள் எங்கே இருக்கின்றன? கறுப்பு ஒன்று, மூவண்ணம் ஒன்று என இரண்டே கார்ட்ரிட்ஜ் கொண்ட மலிவான பொறிகள் பெரும்பாலானவற்றில் துளைகள் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கின்றன. அதை மாற்றினால் துளையும் புதிதாகும். மையைத் தொட்டியில் ஊற்றும் பொறிகளிலும் நிறத்துக்கொரு கார்ட்ரிட்ஜ் உள்ளவற்றிலும் ஹெட் பொதுவாகப் பொறியோடு நிற்பது. அங்கே மையை மாற்றுவதால் அடைப்பு நீங்காது. இவ்வேறுபாடு தெரியாமல் புதிய மை வாங்கிப் பணத்தை இழந்தவர் பலர். கடைக்காரர்களும் இதை வலியச் சொல்வதில்லை.

*

இனிச் சோதனைத் தாளுக்கு வருவோம். பொறியின் மென்பொருளில் 'மெயின்டனன்ஸ்' அல்லது 'யூட்டிலிட்டி' என்னும் பகுதியில் 'நாசில் செக்' என்றோ 'பிரிண்ட் குவாலிட்டி ரிப்போர்ட்' என்றோ ஒரு கட்டளை இருக்கும். சில பொறிகளில் முகப்புப் பொத்தான்களை அழுத்திப் பிடித்தும் இதைப் பெறலாம். பெரும்பாலும் படிக்கட்டுபோல அடுக்கிய சிறு கோடுகளோ வண்ணப் பட்டைகளோ அதில் வரும். படிக்கட்டில் ஒவ்வொரு சிறு கோடும் துளைகளின் வேலையைக் காட்டுவது. கோடு விடுபட்டிருந்தால், அங்கே மை வரவில்லை என்று பொருள். எந்த நிறத்தில், எத்தனை, அடுத்தடுத்தா, சிதறியா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளின் மூலையில் தேதி எழுதிவைப்பது நல்லது. அடுத்த தாளோடு ஒப்பிடாமல் நோய் தீர்கிறதா வளர்கிறதா என்று சொல்ல இயலாது.

படிக்கட்டு முழுமையாக இருந்தால் துளையில் குற்றமில்லை. அப்போது கிளீனிங் செய்வது, கண் நோவுக்குக் காலில் களிம்பு தடவுவதுதான். ஆனால் நாம் கண்ட 'பழுதான' பொறிகளில் கணிசமானவை இவ்வகையே. எழுத்து இரட்டையாகவோ, நிமிர்ந்த கோடுகள் நெளிந்தோ தோன்றினால், ஹெட் போகும்போது இடும் துளியும் திரும்பும்போது இடும் துளியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. 'அலைன்மென்ட்' செய்தால் தீரும். எழுத்தின் ஓரங்கள் சிலிர்த்து வேர்விட்டாற்போல் இருந்தால் தாளை மாற்றுங்கள். ஐப்பசி கார்த்திகையில் உறை பிரித்த தாள்கட்டு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதை நெகிழி உறையிலிட்டுக் கட்டி வைத்தாலே பாதி குறை நீங்கும். எல்லாம் மங்கலாக, ஆனால் கோடில்லாமல் சீராக மங்கியிருந்தால், 'டிராஃப்ட்' என்னும் சிக்கன முறையை யாரோ தேர்ந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தாம்.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. உயர்ந்த தரம் கிடைக்கும் என்றெண்ணிச் சாதாரணத் தாளுக்கு 'போட்டோ பேப்பர்' என்று தேர்ந்தெடுப்பார்கள். பல பொறிகளில் கறுப்பு மை மட்டும் நிறமித்துகள் கொண்டது. தாளின் மேற்பரப்பிலேயே தங்கி எழுத்தைக் கூர்மையாகக் காட்டுவது. வண்ண மைகளோ கரைந்த சாயங்கள், தாளுக்குள் ஊறுபவை. போட்டோ பேப்பர் என்று சொன்னதும் இவற்றுள் பல பொறிகள் நிறமிக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணச் சாயங்களைக் கலந்து கறுப்பு ஆக்குகின்றன. விளைவு: அதிக மை செலவாகி, எழுத்து பழுப்பும் பச்சையும் கலந்து ஊறி நிற்கும். உரைநடைப் பக்கத்துக்குச் சாதாரணத் தாளும் சாதாரணத் தரமுமே ஏற்றவை.

மூலமே மங்கலாக இருப்பதும் உண்டு. மின்வருடிய பழைய நூல்களை இணையத்திலிருந்து இறக்கி அச்சிடுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கங்களின் பழுப்புப் பின்புலத்தையும் பொறி உண்மையாகவே வரைந்து காட்டும். வண்ண மை முழுவதும் அதிலேயே கரையும். கருப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டி அச்சிட்டால் எழுத்தும் தெளியும், மையும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த கவிதையைப் பெரிதாக்கி அச்சிட்டுவிட்டு எழுத்து ஓரம் பல்லுப்பல்லாக இருக்கிறதென்று பொறியை நோவதில் நியாயமில்லை.

நிறம் திரிந்தாலும் சோதனைத் தாளே விடை சொல்லும். பச்சை வரவேண்டிய இடத்தில் மஞ்சளும், நீலம் வரவேண்டிய இடத்தில் ஊதாச் சிவப்பும் வந்தால் சியான் வரவில்லை. முதல் சில வரிகள் செவ்வனே வந்து, போகப்போக மங்கினால் துளையைவிட மை வந்துசேரும் வழியையே ஐயுற வேண்டும். புதுக் கார்ட்ரிட்ஜின் தலையில் காற்று புகும் சிறு வழி ஒன்றிருக்கும். அதன்மேல் ஒட்டிய நாடாவை உரிக்காமல் பொருத்தியிருப்பார்கள். அல்லது மை நிரப்பிக் கொடுத்தவர் அந்த வழியின்மேல் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார். குப்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், அப்போது விளங்கும்.

*

சோதனைத் தாளில் உண்மையாகவே இடைவெளி இருந்தால்தான் கிளீனிங். அதிலும் ஒரு முறைமை வேண்டும். ஒருமுறை செய்தபின் மீண்டும் சோதனைத் தாள்; இடைவெளி குறைந்திருந்தால் இன்னொருமுறை. மூன்று முறைக்கும் சரியாகாவிட்டால் பொறியை அணைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்ந்த மை புதிய மையில் ஊறி இளகக் காலம் வேண்டும். மாவு புளிக்கப் பொழுது கொடுப்பதுபோல. மறுநாள் ஒருமுறை செய்து பார்த்தால், முந்திய நாள் பத்து முறை அழுத்தியும் கிடைக்காத பலன் சில வேளை கிடைத்துவிடும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்றால், கிளீனிங் என்பது தேய்த்துக் கழுவுதல் அன்று. துளைகளின் வழியே நல்ல மையை உறிஞ்சிக் கீழே கொட்டுதல். அந்த மை, பொறியின் அடிவயிற்றில் உள்ள பஞ்சு மெத்தையில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு கொட்டினோம் என்று பொறி எண்ணிக்கொண்டே இருக்கும்; பல பொறிகள், எண்ணிக்கை நிறைந்ததும் மெத்தை நிரம்பிவிட்டதென்று அறிவித்து வேலைநிறுத்தம் செய்துவிடும். சில புதிய பொறிகளில் அந்த மெத்தையை நாமே மாற்றிக்கொள்ளலாம். பழையவற்றுக்கு மெக்கானிக் வரவேண்டும். ஆகவே தேவையின்றி அழுத்தும் ஒவ்வொரு கிளீனிங்கும் மைக்கும் கேடு, பொறியின் ஆயுளுக்கும் கேடு. மைத்தொட்டிப் பொறிகளில் 'பவர் கிளீனிங்' என்றொரு வலிய மருந்து உண்டு. தொட்டியில் மை போதிய அளவு இருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடக்கூடாது. குழாயில் காற்று ஏறிவிட்டால் இருந்த நோய் இரட்டிக்கும்.

துளை கார்ட்ரிட்ஜிலேயே உள்ள பொறிக்கு எளிய கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது வெதுவெதுப்பாக்கி, நூல் பிரியாத மெல்லிய துணியை அதில் நனைத்துப் பிழிந்து மடித்து, துளைப்பக்கம் கீழே இருக்குமாறு கார்ட்ரிட்ஜை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து மெல்ல அழுத்துங்கள். கறுப்பாயின் ஒரு பட்டையும், மூவண்ணமாயின் மூன்று நிறப் பட்டைகளும் துணியில் பதியவேண்டும். மூன்றில் ஒன்று பதியாவிட்டால் அதுவே அடைபட்டது, அல்லது தீர்ந்தது. ஆழ்குழாய் நீர் வேண்டா. அதன் உப்பு துளையிலேயே படியும். செப்புநிறத் தொடுபுள்ளிகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டுக்குப் பின்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடிநிற நாடாவைப் பற்றியும் ஒரு சொல். ஹெட் தான் நிற்கும் இடத்தை அதைப் பார்த்தே அறிகிறது. அதில் மையோ மசகோ ஒட்டினால் அச்சு இடம்பெயரும். சற்றே ஈரமான துணியால் ஒற்றித் துடைக்கலாம். ஸ்பிரிட் இட்டுத் தேய்த்தால் அதன் நுண்கோடுகள் அழிந்துபோக வாய்ப்புண்டு.

*

இவ்வளவு சொன்னபின், குற்றமெல்லாம் பயன்படுத்துவோரிடமே என்று நாம் கருதுவதாக யாரும் எண்ணிவிட வேண்டா. பொறியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து மையில் இலாபம் காண்பது இத்தொழிலின் நெடுநாளைய வழக்கம். 2016 செப்டம்பரில் ஹெச்.பி.யின் சில பொறிகள், அதுவரை ஏற்றுவந்த பிறருடைய கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென்று ஏற்க மறுத்தன. பொறிக்குள் முன்பே வைத்த மென்பொருளின் வேலை அது. இத்தகைய கட்டுப்பாடுகளை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்கவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களுக்காக 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. விற்ற கார்ட்ரிட்ஜை மீண்டும் நிரப்பி விற்பவர்மீது காப்புரிமையைக் காட்டி வழக்குத் தொடுக்க இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் லெக்ஸ்மார்க் வழக்கில் தீர்ப்பளித்தது. அது டோனர் கார்ட்ரிட்ஜைப் பற்றிய வழக்காயினும், வாங்கிய பொருள் யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'இத்தனை பக்கம்' என்னும் கணக்கையும் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும். அதற்கென ஐ.எஸ்.ஓ. 24711 என்றொரு தரமுறை உண்டு. அது பொறியைத் தொடர்ச்சியாக ஓடவிட்டு எண்ணுவது. நம் வீட்டிலோ பொறி வாரத்துக்கு இரண்டு பக்கம் அடித்துவிட்டு உறங்குகிறது. எழும்போதெல்லாம் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது. அந்த மையும் நம் கணக்கில்தான். சொன்ன எண்ணிக்கை கிடைக்கவில்லை என்று நண்பர்கள் குமுறுவதில் நியாயம் இருக்கிறது. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தொடங்கிவைத்த மைத்தொட்டிப் பொறிகள் மையின் விலையை மிகவும் இறக்கிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காயும் இயல்பு மையின் இயல்பு. தொட்டி பெரிதானதால் அது மாறிவிடவில்லை.

எனவே நம் துணிபை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மாதத்துக்குப் பத்துப் பக்கம்கூட அச்சிடாத, அதுவும் கறுப்பெழுத்து மட்டுமே அச்சிடுகிற எழுத்தாளருக்கு இங்க்ஜெட் ஏற்ற பொறி அன்று. டோனர் உலர்ந்த தூள், அது காய்வதற்கில்லை. ஆறு மாதம் கழித்து இயக்கினாலும் கறுப்பு வெள்ளை லேசர் பொறி ஒற்றெழுத்துகளை ஒன்று விடாமல் அச்சிட்டுத் தரும். வாங்கும் விலை சற்றுக் கூடுதல், அவ்வளவே. அதற்கும் மனமில்லாதவர்க்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வண்ண அழைப்பிதழும் பிள்ளைகளின் படங்களும் அடிக்கடி வேண்டியிருக்கும் வீட்டுக்கே இங்க்ஜெட் பொருந்தும். விற்பவர் இதைச் சொல்லாமல், எல்லார்க்கும் எல்லாமும் ஆகும் என்று கட்டிக்கொடுப்பதில்தான் குறை தொடங்குகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாரந்தோறும் ஒரு பக்கமாவது நான்கு நிறத்திலும் அச்சிட வேண்டும். அதற்கென ஒரு கோப்பை ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம்: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்குக்கும் விரற்கடை அகலத்தில் ஒவ்வொரு பட்டை; அவற்றின் கீழே 11 பாயிண்டில் ஒற்று மிகுந்த சொற்களாகத் தேர்ந்தெடுத்து ஆறேழு வரிகள். 'கற்பூரம்', 'எழுத்தாளர்', 'நெல்', 'மண்', 'தேர்த்தட்டு' என்பனபோல. தாளில் கால் பங்குக்கு மேல் வேண்டியதில்லை. அடுத்த வாரம் அதே தாளைத் திருப்பிச் செருகலாம்.